சூரியன் மறைவதற்குள் ஐந்து பேர் சாப்பிட வேண்டும்

எட்டுப் பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏ-வுக்கு இடப்பக்கம் இரண்டாவதாக சி. பி-யும் இ-யும் அடுத்தடுத்து இல்லை. அப்படியானால் எஃப்-புக்கு நேர் எதிரே யார்?

இந்த எட்டுப் பேரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இவர்கள் என்னைப் படுத்திய பாட்டை என் சொந்தக்காரர்கள்கூடப் படுத்தியதில்லை. எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் கணக்கு, ஆங்கிலம், தர்க்கம் என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும். இரண்டு வருடம் எழுதினேன். இரண்டு வருடமும் கணக்கும் ஆங்கிலமும் என்னைக் கரை சேர்க்க, தர்க்கம் காலைப் பிடித்து உள்ளே இழுத்தது.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுப் புடவைக் கடை. இரண்டாவது தோல்விக்குப் பிறகு அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"இன்னும் ஒரு வாட்டி எழுது. அதுலயும் வரலைன்னா மெத்தையில வந்து உக்காரு."

மெத்தை என்றால் கடையில் வெள்ளைத் துணி விரித்திருக்கும் மெத்தை. அதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவையை விரித்துக் காட்டுவோம். அதில் முதலாளியின் மகனாக ஒருமுறை உட்கார்ந்த எவரும் எழுந்து போய் நான் பார்த்ததில்லை. கடை பிடிக்காது என்றில்லை. ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் நான் இன்னார் மகன், இன்ன கடைப் பையன். இரண்டு வருடமாவது யாருக்கும் தெரியாத ஒரு இடத்தில் வெறும் ஆளாக இருந்து பார்க்க ஆசை. அதற்கு சென்னையில் ஒரு சீட் வேண்டும். சீட்டுக்கும் எனக்கும் நடுவே அந்த எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பயிற்சி வகுப்பு பஸ் ஸ்டாண்டு பக்கம், ஒரு பேக்கரியின் மாடியில். பாதி வகுப்பில் கீழேயிருந்து பப்ஸ் வாசனை வரும். அதன்பிறகு எந்தக் கேள்வியிலும் எந்த நிபந்தனையும் மண்டையில் ஏறாது. பாடம் எடுத்தவர் என்னைவிட இளையவர். நான் அவரை "சார்" என்பேன், அவரும் என்னை "சார்" என்பார். பக்கத்தில் என் நண்பன். அவன் வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால் அவன் ரகசியம் சொன்னால் கீழே பேக்கரிக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

அவனிடம் ஒரே ஒரு உத்திதான். தெரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாவது விடை.

"தெரிஞ்ச கேள்விக்கு?" என்று கேட்டேன்.

"அப்படி ஒண்ணு இதுவரைக்கும் வரலடா!" என்றான் ரகசியமாக. வகுப்பு முழுவதும் சிரித்தது.

சார் சொல்லிக்கொடுத்த உத்திகள் நல்ல உத்திகள். கேள்வியைத் தலையில் வைத்துக்கொள்ளாதே, படம் போடு. நிச்சயமான ஆளை முதலில் உட்காரவை. சந்தேகமான ஆளைப் பக்கத்திலேயே நிற்கவை. ஒரு ஆளுக்கு இரண்டு இடம் சாத்தியம் என்றால் இரண்டு படம் போடு. விடை தெரியாவிட்டால் விடையாக இருக்கவே முடியாதவற்றை அடி. அப்படியும் வரவில்லையா, மானம் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போ.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது. என் கெட்ட நேரம், நானாகவே ஒரு உத்தி கண்டுபிடித்தேன். ஏ, பி, சி என்று வெறும் எழுத்தாக இருப்பதால்தானே மனதில் நிற்கவில்லை? எட்டு எழுத்துக்கும் எட்டு சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டேன். ஏ என் பெரியப்பா. பி தேசூர் அத்தை. சி சித்தப்பா. இப்படி. ஒரு வாரம் பிரமாதமாக ஓடியது. பெரியப்பா மேசையில் எங்கே உட்கார்ந்தாலும் எனக்கு மறக்கவேயில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு கேள்வி, பி-க்கு வலப்பக்கம் ஏ என்றது. அதாவது தேசூர் அத்தைக்குப் பக்கத்தில் பெரியப்பா. ஒரு கல்யாணத்தில் பந்தியில் பாயசம் பரிமாறிய வரிசையை வைத்து இருவருக்கும் மனத்தாங்கல். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை கிடையாது. கேள்வி தெளிவாகத்தான் சொல்கிறது. மூளை ஒத்துக்கொண்டது, கை ஒத்துக்கொள்ளவில்லை. மரியாதைக்காக நடுவில் சித்தப்பாவை உட்காரவைத்தேன். விடை தப்பு. ஆனால் அந்த மேசையில் அன்று சண்டை வரவில்லை.

சார் என் படத்தைப் பார்த்தார். "சி எப்படி சார் இங்க வந்தாரு?"

"சமாதானத்துக்கு சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

உண்மையான வியாதி பிடிபட்டது மாதிரித் தேர்வில். ஐந்து நண்பர்கள் ஐந்து வேறு வேறு நேரத்தில் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள், யார் எப்போது சாப்பிட்டார் என்பதுபோல் ஒரு கேள்வி. இந்த வகைக் கேள்வி எப்போது வந்தாலும் எனக்குத் தப்பாகும். படம் சரி, ஆட்கள் சரி, விடை மட்டும் தப்பு. சாருக்கே இது பேஜாராகிவிட்டது. என் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சார், இன்னா இது? அஞ்சு பேரையும் அஞ்சரைக்கும் ஆறுக்கும் நடுவுல சாப்பிட வெச்சிருக்கீங்க?"

"ஆமா சார்."

"கேள்வியில ஏழு மணி, எட்டு மணின்னு போட்டிருக்கே?"

"அது நாஷ்டா எதுனா இருக்கும்னு நினைச்சேன் சார்."

"நாஷ்டாவா! டின்னர்னு போட்டிருக்கு சார்!"

"ராத்திரி எட்டு மணிக்கு யாரு சார் சாப்பிடுவாங்க?"

நான் சத்தியமாக நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீடு சமண வீடு. பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும்; அதற்கப்புறம் அடுப்பு கிடையாது, தட்டு கிடையாது. பிறந்ததிலிருந்து அப்படியே இருந்தவனுக்கு, கேள்வித்தாளில் ஒரு ஆள் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறான் என்று படித்தால், அச்சுப்பிழை என்றுதான் தோன்றும். தண்ணீருக்கடியில் ஆறு பேர் சீட்டாடினார்கள் என்று படித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான். என்னை அறியாமலே ஒவ்வொரு கேள்வியிலும் "சூரியன் மறைவதற்குள்" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

நண்பன் என் காதில் சொன்னதை பஸ் ஸ்டாண்டு கேட்டது. "டேய், ஊரே உங்க வீட்டு ஆளுங்கன்னு நினைச்சிகினு இருந்தியா? நாங்கல்லாம் பத்து மணிக்கு பரோட்டா துன்றோம்டா!"

சிரிப்பெல்லாம் அடங்கியபின் சார் பொறுமையாகச் சொன்னார். "சார், ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. பேப்பர்ல இருக்கிறதுதான் உலகம். அதுக்கு வெளியில ஒண்ணுமே கிடையாது. உங்க அத்தை கிடையாது, சூரியன் கிடையாது. பேப்பர்ல இல்லாததை யாராவது கேட்டா, தகவல் போதாதுன்னு சொல்லிட்டு வந்துகினே இருங்க."

எனக்கு எதையும் பாதியில் நிறுத்தத் தெரியாது. தகவல் போதாது என்ற சொற்கள் அன்றே என்னைப் பிடித்துக்கொண்டன. வீட்டில் அம்மா "காபி நல்லா இருக்கா?" என்றால், "எதோட ஒப்பிட்டும்மா?" என்றேன். "மழை வருமாடா?" என்று அப்பா கேட்டால், "மேகம் இருந்தா மழை வரும்னு எங்கயும் குடுக்கலப்பா" என்றேன். இதுவரை பரவாயில்லை. கடையிலும் ஆரம்பித்தேன்.

சந்தவாசலிலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். கூட நாலைந்து பெண்கள். அப்பா உள்ளே போனில் இருந்தார். நான் குடிக்கக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, புடவைகளை விரித்தேன். பாதாம் நிறத்தில் அரக்குப் பார்டர் போட்ட ஒன்றில் அந்த அம்மாவின் கை நின்றது. முந்தானையைத் தடவிப் பார்த்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, முடிந்தது. கடைசியாக எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"ஏம்பா, சாயம் போவுமா?"

"சில புடவைக்குச் சாயம் போகும்மா. இது ஒரு புடவை. அதை வெச்சு இதுக்குச் சாயம் போகும்னு முடிவுக்கு வர முடியாது."

"அப்பாடா" என்றார்.

"போகாதுன்னும் முடிவுக்கு வர முடியாதும்மா."

கையை முந்தானையிலிருந்து எடுத்தார். "அப்ப இன்னாதான் சொல்ல வரே?"

"தகவல் போதாதும்மா."

கூட வந்த பெண்களில் ஒருத்தி, "வா அக்கா, தகவல் இருக்கிற கடையா பார்ப்போம்" என்றாள். பாதிக் கலரை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் எழுந்து போனார்கள். போனோடு வெளியே வந்த அப்பா, மெத்தையில் நானும் ஐந்து கலர் பாட்டிலும் மட்டும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தகவல் போதாதா? டேய், பாதிப் புடவைய நான் தகவலே இல்லாமத்தான்டா வித்துகினு இருக்கேன்! நீ ஜல்தியா பாஸ் பண்ணிட்டுக் கிளம்பு. நீ மெத்தையில உக்காந்தா கடையத்தான் மூடணும்."

தீர்ப்பு கொஞ்சம் திரும்பியது. முன்பு, தோற்றால் மெத்தை. இப்போது, தோற்றால் மெத்தை, மெத்தை என்றால் கடை காலி. பொறுப்பு கூடிவிட்டது.

இந்த நேரத்தில் அம்மா தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தாள். நான் தேறினால் எங்கள் பக்கத்துச் சமணக் கோயிலான திருமலைக்கு வந்து மலையேறுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நியாயமான வேண்டுதல்தான். ஆனால் அம்மாவுக்குக் காத்திருக்கப் பிடிக்காது. தேர்வுக்கு முந்தின வாரமே போய் ஏறிவிட்டு வந்தாள். "எப்படியும் ஏறத்தானே போறேன், வெயில் ஏறதுக்குள்ள ஏறிட்டேன்" என்றாள். அங்கே பார்த்த சொந்தக்காரர்களிடம் வேண்டுதலையும் சொல்லியிருக்கிறாள். அவர்கள் யோசித்தார்கள். தேறினால் ஏறுவாள். ஏறிவிட்டாள். ஆகவே தேறிவிட்டான். மறுநாளிலிருந்து போன்.

"இன்னாப்பா, சொல்லவேயில்ல? சீட் எங்க கிடைச்சிருக்குது?"

தேசூர் அத்தையிடம் விளக்கினேன். "அத்தை, மழை பெஞ்சா தரை நனையும். தரை நனைஞ்சிருக்குன்னா மழைதான் பெஞ்சிருக்கணும்னு இல்ல. யாராவது தண்ணி தெளிச்சிருக்கலாம்."

"அதனால இன்னா?"

"அம்மா தண்ணி தெளிச்சிருக்காங்க அத்தை."

"ரொம்ப சந்தோஷம்பா, நல்லா படி" என்று வாழ்த்திவிட்டு வைத்தார். இனி தோற்றால் மெத்தை மட்டுமல்ல. பாதி மாவட்டத்துக்கும் போன் போட்டு நான் தோற்றதைச் சொல்ல வேண்டும்.

தேர்வு வேலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். ஹால் டிக்கெட்டைப் பார்த்ததும் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். எனக்கு மாலை வேளை போட்டிருந்தார்கள். முடிந்து வெளியே வரும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

"அப்ப எப்ப சாப்பிடுவே?"

"மறுநாள் காலைலதாம்மா."

"தேர்வு எழுதிட்டுப் பட்டினியா?"

அன்று ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த சமயம், கடையில் கூட்டம் வரும் நாள். அப்பா கடையை மூடிவிட்டுக் காரை எடுத்தார். யாரும் கேட்காமலே, "வண்டி ஓட்ட ஆள் வேணுமில்ல" என்றார். எனக்கு நன்றாகவே வண்டி ஓட்டத் தெரியும். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

கல்லூரி வாசலில் காரை நிறுத்தியதும் அம்மா சாப்பாட்டு அடுக்கைத் திறந்தாள். புளியோதரை, வெங்காயம் போடாத வடை, தயிர்சாதம், கேசரி. இரவுச் சாப்பாட்டையும் சேர்த்து இப்போதே உள்ளே தள்ளிவிட வேண்டும் என்பது அவள் உத்தி. மற்ற பிள்ளைகள் கடைசி நேரத்தில் சூத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மரத்தடியில் இலை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வாசல் காவலர் வந்து பார்த்தார். "சார், இது எக்ஸாம் சென்டருங்க. மண்டபம் எதிர் ரோடு."

அம்மா அவர் கையில் இரண்டு வடை வைத்தாள். அதன்பிறகு அவரே எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

உள்ளே ஏசி. வயிற்றில் ஒரு கல்யாணம். கணக்கும் ஆங்கிலமும் எப்படிப் போயின என்று சரியாக நினைவில்லை, பாதிக் கண் மூடியிருந்தது. தர்க்கப் பகுதி திறந்தது. சில கேள்விகள் வந்தன, சில போயின. பிறகு திரையில் அது வந்தது.

ஐந்து நண்பர்கள் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து மணிக்கு ஒவ்வொருவராக இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். டி முதலில் சாப்பிட்டார். பி-க்குச் சரியாக முன்னால் சாப்பிட்டவர் எஸ். பி-க்குப் பிறகு எப்போதோ சாப்பிட்டவர் க்யூ. ஆர் கடைசி இல்லை. கடைசியாகச் சாப்பிட்டவர் யார்?

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேற்பார்வையாளர் எழுந்து நின்று பார்த்தார். ஏப்பம் என்பதுபோல் மார்பைத் தடவிக் காட்டினேன். அதுவும் பாதி உண்மைதான்.

பேப்பரில் இருப்பதுதான் உலகம். சூரியன் கிடையாது. டி-யை ஆறு மணியில் உட்காரவைத்தேன். நல்ல பிள்ளை, இவன் மட்டும்தான் எங்கள் பக்கத்து ஆள் என்று ஒரு நொடி தோன்றியது, அதையும் அடித்தேன். எஸ்-ஸும் பி-யும் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆர் எங்கே? டி-க்கு அடுத்தும் வரலாம், பி-க்கு அடுத்தும் வரலாம். சார் சொன்னபடி இரண்டு படம் போட்டேன். ஒன்றில் டி, ஆர், எஸ், பி, க்யூ. மற்றதில் டி, எஸ், பி, ஆர், க்யூ.

இரண்டு படம் வருகிறது. அப்படியானால் நிச்சயமாகத் தெரியாது. நான்காவது விடை என்னைப் பார்த்துக் கண்ணடித்தது. "தகவல் போதாது." என் செல்லச் சொற்கள். மாதக்கணக்காக வீட்டிலும் கடையிலும் சொல்லிக்கொண்டு திரிந்த சொற்கள். மவுஸை அதன்மேல் கொண்டுபோய்விட்டேன். அழுத்தப் போகும் நேரத்தில் சந்தவாசல் அம்மா கையை முந்தானையிலிருந்து எடுத்தது கண்முன் வந்தது. பேப்பருக்கு வெளியே இருந்து யாரும் வரக்கூடாது என்பது விதி. அந்த அம்மா வந்துவிட்டார். "அப்ப இன்னாதான் சொல்ல வரே?" என்றார்.

கேள்வியை மறுபடி படித்தேன். ஆர் எங்கே என்று யாருமே கேட்கவில்லை. கடைசியில் யார் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். முதல் படத்தில் கடைசி க்யூ. இரண்டாவது படத்திலும் கடைசி க்யூ. ஆர் எங்கே வேண்டுமானாலும் போய்த் தொலையட்டும்; கேட்டதற்குத் தகவல் போதும்! க்யூவை அழுத்தினேன். அதற்குப் பிறகு வந்த கேள்விகளிலெல்லாம் என்ன கேட்டார்களோ அதை மட்டும் சொன்னேன். எங்கேயும் சமாதானம் பண்ணப் போகவில்லை.

வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. அப்பா கார்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாடா?"

"கடைசியா சாப்பிட்டது க்யூப்பா."

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கு."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அய்யோ பாவம். அதுவரைக்கும் அந்தப் புள்ளைக்கு யாரும் போடலையா?"

முடிவு வந்த அன்று நான் கடையில் இருந்தேன். தர்க்கத்தில் குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தேன். தாண்டினேன் என்றால் உயரம் தாண்டியதுபோல் அல்ல, சாக்கடை தாண்டியதுபோல். காலில் கொஞ்சம் பட்டது, ஆனாலும் அந்தப் பக்கம். நண்பன், மூன்றாவது விடை உத்தியை மட்டும் வைத்துக்கொண்டு, என்னைவிடச் சற்றே குறைவாக வாங்கியிருந்தான். என் படிப்பின்மேல் இன்றைக்கும் அது ஒரு கறை. போனில் விஷயத்தைச் சொன்னபோது, "பார்த்தியா, நாலாவதும் கொஞ்சம் கலந்து போட்டிருக்கணும்" என்றான்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு குடும்பத்துக்குப் புடவை காட்டிக்கொண்டிருந்தார். "சரி. அந்த மயில்கழுத்து நீலத்தை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதை விரிக்கும்போது அவர்களிடம், "என் புள்ள. சென்னையில சீட் கிடைக்கப் போவுது" என்றார். அவர்கள் புடவை வாங்கவில்லை. அப்பா அவர்களுக்கு இன்னொரு ரவுண்டு கலர் சொன்னார்.

இப்படியாக, யாருக்கும் தெரியாத இடத்தில் வெறும் ஆளாக இருக்கச் சென்னை வந்து சேர்ந்தேன். விடுதி மெஸ் வாசலில் ஒரு பலகை. இரவுச் சாப்பாடு ஏழரை முதல் ஒன்பது வரை.

பலகையை இரண்டு முறை படித்தேன். இத்தனை மாதமாகக் கேள்வியை விட்டு அடித்து விரட்டிய அந்த ஒரே நிபந்தனை, சீட் வாங்கியதும் பெட்டியோடு என் பின்னாலேயே வந்து இறங்கியிருந்தது.

படம் போட்டேன். நிச்சயமானது எது? சூரியன். அதை நகர்த்த முடியாது. நானும் நகர்வதாக இல்லை. நகரக்கூடியது மெஸ்தான். சமையல்கார அண்ணனிடம் போனேன்.

"அண்ணா, அஞ்சரை மணிக்கு இன்னா ரெடியா இருக்கும்?"

"சாதம் வடிச்சிருப்பேன். குழம்பு அப்பதான் கொதிச்சிகினு இருக்கும்."

"தயிர்?"

"மத்தியானத்துது கீது. இன்னா, ராத்திரி எங்கனா போறியா?"

"இல்லண்ணா, ராத்திரி வர்றதுக்குள்ள சாப்பிடணும்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு தட்டை எடுத்து வைத்தார். முதல் ஒரு வாரம், எட்டுப் பேர் உட்காரும் மேசையில் நான் ஒருவன் மட்டும். என் வாழ்க்கையிலேயே சுலபமான இருக்கைக் கேள்வி அது. எனக்கு எதிரே யாருமில்லை, இடப்பக்கம் யாருமில்லை. டி முதலில் சாப்பிட்டார். தேர்வில் எங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்தேனே, அந்த டி நான்தான்.

அப்புறம் ஒருத்தன் வந்து எதிரே உட்கார்ந்தான். உடம்பு குறைக்க ஆறு மணிக்குமேல் சாப்பிடக்கூடாது என்று அவன் போனில் ஒரு செயலி சொல்லியிருக்கிறதாம். மறுநாள் அவன் அறைத் தோழன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். "நீயும் டயட்டா? எவ்வளவு நாளா?" என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து என்றேன். அன்றிலிருந்து என்னிடம் யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் இப்போது எங்களுக்காகக் குழம்பையே சீக்கிரம் இறக்குகிறார். இங்கேயும் என்னை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வெறும் ஆளாக இருந்தது மொத்தம் ஒரு வாரம்.

தினமும் பொழுது சாயும் நேரத்துக்கு அப்பா போன் செய்வார். நேற்றும் செய்தார்.

"சாப்ட்டியா?"

"ஆச்சுப்பா. அஞ்சு பேரும் சாப்ட்டாச்சு. வியாபாரம் எப்படி?"

"தகவல் போதாது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்குள் பின்னால் ஒரு பெண் குரல், சாயம் போவுமா என்று கேட்டது.

"போவவே போவாதும்மா!" என்றார் அப்பா, ஒரு நொடிகூட யோசிக்காமல். பிறகு போனில் குரலைத் தாழ்த்தி, "கேட்டியா? இதைச் சொல்லிக் குடுக்கறாங்களா அங்க?" என்றார்.